கரையில் நிற்பவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம்

(மதுராந்தகத்தில் நிர்வாகிகள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேடையிலிருந்து பார்க்கிறேன். அரிசி ஆலைக்காரர்கள் இருக்கிறீர்கள். வங்கி மேலாளர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள், தலைமை ஆசிரியைகள் இருக்கிறீர்கள். மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் பார்க்கிற தம்பிகள் கடைசி வரிசையில் இருக்கிறீர்கள். சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் தலைவிகள் ஒரு வரிசையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இப்படிக் கலந்த சபை லேசில் அமையாது. இந்தக் கலவையை நம்பித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எனக்குத் தந்திருக்கும் பொருள், பணியில் இருக்கும் நிர்வாகிகளுக்குப் பயிற்சி. இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு குறளில் தொடங்கி, ஜப்பானுக்குள் நுழைந்து, அமெரிக்காவில் முடிப்பார்கள். நாமும் வெளிநாடு போவோம், தப்பில்லை. ஆனால் புறப்படுவது உங்கள் ஏரிக்கரையிலிருந்து.

லியோனல் பிளேஸ் துரையின் கதையை இந்த ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1794இல் செங்கல்பட்டு ஜாகீருக்குக் கலெக்டராக வந்தவர். ஏரியின் கரை மழைக்கு மழை உடைந்தது, செப்பனிட்டார், மறுபடி உடைந்தது. 1798ஆம் ஆண்டு மழையில், கரை இந்த முறையாவது நிற்குமா என்று பார்க்க இரவில் போனார். வில்லேந்திய இரண்டு வீரர்கள் கரையைக் காவல் காப்பதைக் கண்டார். அன்றிலிருந்து நம் கோதண்டராமர் ஏரி காத்த ராமரானார். தாயார் சன்னிதியைக் கட்டிக் கொடுத்த கலெக்டரின் பெயர் கோயில் கல்வெட்டில் இன்றும் இருக்கிறது.

ராமரைக் கண்டது அவருடைய பாக்கியம். அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. நான் கேட்பது வேறு. அடைமழை பெய்கிற இரவில் ஒரு கலெக்டருக்குக் கரையில் என்ன வேலை? பங்களாவில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, ‘நிலவரம் என்ன?’ என்று ஆள் அனுப்பிக் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை, தானே போனார் என்றுதான் ஊர் சொல்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஊர் ஒரு நிர்வாகியை நினைவில் வைத்திருக்கிறது என்றால், அவர் எழுதிய அறிக்கைக்காகவா? 1799இல் அவர் வருவாய் வாரியத்துக்கு அனுப்பிய அறிக்கை மிகப் பெரியது. ஆராய்ச்சியாளர்களைத் தவிர அதை யார் படிக்கிறார்கள்? ஊர் நினைப்பது அந்த இரவைத்தான்.

இதே பிளேஸ் காலத்தில்தான் வேடந்தாங்கலும். சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் போய் முறையிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தக் கல்லூரியும் அதைச் சொல்லித் தரவில்லை. அவர்கள் வயல் சொன்னது. பறவைகளைக் காக்கும் உரிமை 1798இல் எழுத்தில் அவர்களுக்குக் கிடைத்தது. இந்தத் துரையைப் புனிதராக்க நான் வரவில்லை. வரி வசூலில் கறாரானவர். மிராசுதார்களோடு கடும் பிணக்கு இருந்தது. ஆனாலும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பது, அங்கே இருப்பவர் சொல்வதைக் கேட்பது, இந்த இரண்டையும் எந்தக் கல்லூரி அவருக்குக் கற்றுக் கொடுத்தது? உலகத்தில் அப்போது மேலாண்மைக் கல்லூரி என்று ஒன்றே கிடையாது.

இன்னும் பின்னால் போவோமா? அதிக தூரம் வேண்டாம். பக்கத்து உத்திரமேரூர். ஆண்டு 919, 921. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலை என்பார்கள். பானையைச் சொல்வார்கள், ஓலையைச் சொல்வார்கள், சிறுவன் கைவிட்டு எடுத்ததைச் சொல்வார்கள். எல்லாம் சரி. அதே கல்வெட்டில் நிர்வாகிகளாகிய நாம் படிக்க வேண்டிய வரி வேறொன்று இருக்கிறது.

ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். இவற்றுக்கு மேலாகச் சம்வத்சர வாரியம், அதற்கு 12 பேர். அந்த மேல் வாரியத்துக்கு யாரை எடுப்பது? முன்பு ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் செய்தவர்களை, கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களை. கவனித்தீர்களா? முதலில் ஏரியைப் பார், தோட்டத்தைப் பார், மதகு எங்கே ஒழுகுகிறது, கரையில் எங்கே நண்டு வளை வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள், அதற்குப் பிறகு ஊரை நிர்வகிக்க வா. அதோடு இன்னொரு விதி. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரமுடியாது. அவனுடைய உறவினர்களும் வரமுடியாது. இன்றைக்கு இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள்! (சிரிப்பு)

அந்தச் சபை அந்தணர் சபை. மற்றவர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இன்றைய இந்த வரிசையில் பாதிப் பேர் அன்றைக்கு வாசலிலேயே நின்றிருப்பீர்கள். அந்த அநியாயத்தை மறைத்துவிட்டுப் பெருமை பேச எனக்கு மனமில்லை. பெருமையை விட்டுவிட்டு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். கீழ் வேலையைச் செய்து பார்த்தவனுக்கே மேல் வேலை. இது 1100 ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் பக்கத்து ஊரில் கல்லில் வெட்டியது.

சரி. இன்றைக்கு நாம் என்ன செய்கிறோம்?

ஒரு தம்பியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனி. டிப்ளமோ முடித்துவிட்டு வந்தான்; லைனில் எட்டு வருடம் கைதேர்ந்த ஆள். ‘நல்லா வேலை செய்யறான்’ என்று ஷிப்ட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். ஒரு நல்ல தொழிலாளியை இழந்தோம். ஒரு நிர்வாகி கிடைத்தாரா? அதற்குத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஈசிஆரில் ஓர் ஓட்டல். இரண்டு நாள். தலைமைப் பண்பு. ஒரு ஃபைல், ஒரு பேனா, கழுத்தில் பெயர் அட்டை. மதியம் பிரியாணி. நாலு மணிக்கு டீயும் சமோசாவும் வரும்போதே கருத்துப் படிவமும் வரும். சமோசா சூடாக இருந்தால் பயிற்சிக்கு ஐந்துக்கு ஐந்து. சான்றிதழ், குழுப் படம், வண்டி.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. முகூர்த்த நாள். காண்ட்ராக்ட் ஆட்களில் நாலு பேர் வரவில்லை. ஒரு டை உடைந்துவிட்டது. ரிஜெக்ஷன் தட்டு நிரம்பி வழிகிறது. சரக்கு எடுக்க லாரி வாசலில் நிற்கிறது; டிரைவர் ஹாரன் அடிக்கிறார். எச்.ஆரிலிருந்து போன்: ‘டிரெய்னிங் ரிப்போர்ட் இன்னும் வரலையே!’ இந்த நேரத்தில் அந்தத் தம்பிக்கு ஓட்டலில் காட்டிய எந்தப் படம் ஞாபகம் வரும்? எந்த அம்புக்குறி கைகொடுக்கும்?

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இலேயே ஒரு கணக்குச் சொன்னார். பயிற்சியை நான்கு படியில் அளக்க வேண்டும். வந்தவர்களுக்குப் பிடித்ததா? கற்றார்களா? வேலையில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா? அதனால் நிறுவனத்துக்குப் பலன் வந்ததா? நாம் முதல் படியிலேயே உட்கார்ந்து சமோசா சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏன் இப்படி ஆகிறது? நிர்வாகி என்றால் யார் என்ற படமே தப்பாக இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு, ஏசி அறையில், நீளமாக யோசித்து, திட்டம் தீட்டுகிறவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கனடாவின் ஹென்றி மிண்ட்ஸ்பெர்க் ஐந்து தலைமை நிர்வாகிகள் பக்கத்தில் ஆளுக்கு ஒரு வாரம் இருந்து, அவர்கள் செய்வதையெல்லாம் குறித்துக்கொண்டார். 1973இல் புத்தகமாக வந்தது. என்ன கண்டார்? அவர்கள் செய்த காரியங்களில் பாதி, ஒன்பது நிமிடத்துக்குள் முடிந்துபோனவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீண்டவை பத்தில் ஒன்று. போன், குறுக்கே ஒருவர், கையெழுத்து, சண்டை, மறுபடி போன். வங்கி மேலாளர்கள் தலையாட்டுகிறீர்கள். தெரிகிறது!

இப்படித் துண்டு துண்டாக ஓடுகிற வேலையைப் பாடம் பாடமாகப் பிரித்து, அதைச் செய்தே பார்க்காத பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து, நிர்வாகி என்று பட்டம் கொடுக்கிறோம். நாற்றங்காலிலேயே அறுவடை கேட்கிற கதை. நாற்றைப் பிடுங்கி வயலில் நட வேண்டாமா? நட்ட பிறகல்லவா தண்ணீர் கட்ட வேண்டும், களை எடுக்க வேண்டும்? நம் ஊரில் நட்டவுடன் வயலை மறந்துவிடுகிறோம்.

வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அதை அனுபவத்தால் கற்றுக்கொள்ளலாம் என்று இருந்தவர்களுக்கு நோட்டீஸ்தான் வந்தது. கணக்கு, சட்டம், கம்ப்யூட்டர், செலவுக் கணிப்பு எல்லாம் உட்கார்ந்து படிக்க வேண்டியவை. தெரிந்தவர் சொல்லித் தர வேண்டியவை. ஆனால் நாலு பேர் வராத திங்கட்கிழமைக்கு எந்தப் பாடத்தில் விடை இருக்கிறது?

இந்த இடத்தில் ரெஜ் ரெவன்ஸ் என்ற ஆங்கிலேயரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். 1907இல் பிறந்தவர். 1928 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டியவர். கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் இயற்பியல் ஆராய்ச்சி. அங்கே நோபல் பரிசு வாங்கிய பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, தங்களுக்கு எது தெரியவில்லை என்பதைப் பற்றிப் பேசுவதைப் பார்த்தார். அது அவர் மனதில் தங்கிவிட்டது. பின்னால் இங்கிலாந்தின் நிலக்கரி வாரியத்தில் கல்விப் பொறுப்பு அவருக்கு வந்தது. சுரங்க மேலாளர்களுக்குப் பயிற்சி தரவேண்டும். பேராசிரியர்களைக் கூப்பிட்டாரா? தானே சுரங்கத்துக்குள் இறங்கினார். மேலாளர்களைச் சிறு சிறு குழுவாக உட்கார வைத்தார். ‘உன் சுரங்கத்தில் தீராத சிக்கல் என்ன? அதைச் சொல். மற்றவர்கள் கேள்வி கேளுங்கள். திரும்பிப் போய் ஏதாவது செய்து பார். அடுத்த முறை வந்து என்ன நடந்தது என்று சொல்.’ இவ்வளவுதான் பாடத்திட்டம். கற்பது என்றால் ஏற்கெனவே எழுதி வைத்த அறிவோடு, சரியான கேள்வியையும் கூட்டுவது என்பது அவர் கணக்கு. நிலைமை வேகமாக மாறுகிற காலத்தில் கேள்வியின் பங்கே பெரிது என்றார்.

கேள்வி அப்படி என்ன செய்துவிடும்? நம் ஒரகடத்துத் தம்பியை அப்படி ஒரு குழுவில் உட்கார வைத்துப் பாருங்கள். அவனோடு ஓர் அரிசி ஆலைக்காரர், ஒரு தலைமை ஆசிரியை, ஒரு சுய உதவிக் குழுத் தலைவி, ஒரு வங்கி மேலாளர். தம்பி தன் திங்கட்கிழமையைச் சொல்கிறான். தொழிற்சாலையைப் பற்றி ஒன்றும் தெரியாத அந்த அக்கா கேட்பார்: ‘ஏம்பா, முகூர்த்த நாள்னு பஞ்சாங்கத்துல போன வருஷமே போட்டிருக்கே. அன்னிக்கு ஏன் முழு ஷிப்ட் போட்டே?’ தம்பியிடம் பதில் இருக்காது. ஆலைக்காரர் கேட்பார்: ‘அந்த டை இதுக்கு முன்னால எப்ப உடைஞ்சது? எழுதி வச்சிருக்கியா?’ எழுதி வைக்கவில்லை. தலைமை ஆசிரியை கேட்பார்: ‘வராத அந்த நாலு பேர் பேர் உங்களுக்குத் தெரியுமா?’ ஒருவருடைய பெயர்தான் தெரியும். மூன்றே கேள்வி. ஓட்டலில் இரண்டு நாளில் நடக்காதது பத்து நிமிடத்தில் நடந்துவிட்டது. கேட்டவர்கள் யாரும் நிபுணர்கள் இல்லை. நிபுணர்கள் இல்லாததால்தான் இவ்வளவு வெள்ளையாகக் கேட்க முடிந்தது. உங்கள் கலவையை நம்பி வந்தேன் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான்.

இது கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். மிண்ட்ஸ்பெர்க்கும் நண்பர்களும் 1996இல் பணியில் இருக்கும் மேலாளர்களுக்கென்றே ஒரு படிப்பைத் தொடங்கினார்கள். கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜப்பானோடு நம் பெங்களூரு ஐ.ஐ.எம்.மும் அதில் சேர்ந்தது. வேலையை விட வேண்டாம். இடையிடையே வந்து படிக்கலாம். வட்ட மேசைகள் போட்டு உட்கார வைப்பார்கள். வகுப்பு நேரத்தில் பாதி ஆசிரியருக்கு; மீதிப் பாதி மேலாளர்கள் தங்களுக்குள் தங்கள் அனுபவத்தைப் பேச. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்ந்து, ஒருவர் வேலை செய்யும் இடத்துக்கு இன்னொருவர் போய், ஒரு வாரத்தின் பெரும்பகுதி கூடவே இருந்து பார்ப்பார். பிறகு தான் பார்த்ததைச் சொல்வார். நம் வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம் நமக்குக் கேட்பதில்லை, விருந்தாளிக்குத்தான் கேட்கிறது என்பார்களே, அந்தக் கதைதான்.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் புதிதில்லை. 1956இல் ஐதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரி தொடங்கியபோது அரசு அதிகாரி, பொதுத்துறைக்காரர், தனியார் கம்பெனிக்காரர் என்று கலந்து உட்கார வைத்துத்தான் பேசவிட்டார்கள். இங்கே நம் கடற்கரையிலேயே, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் மணமையில் கிரேட் லேக்ஸ் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டைப் பகுதியில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1973 முதல் அமெரிக்காவின் கெல்லாக் மேலாண்மைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த பாலா பாலச்சந்திரன் 2004இல் தொடங்கியது. வேலை பார்த்த அனுபவம் உள்ளவர்களை எடுத்து ஒரே வருடத்தில் படிப்பை முடித்து அனுப்பும் வழியை அங்கே பிடித்தார்கள். மாணவர்களைச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பி மக்களோடு வேலை செய்ய வைக்கிறார்கள். அதற்குக் கர்மயோகா என்று பெயர். 2021இல் பாலச்சந்திரன் காலமானார். கிராமத்துக்குப் போகும் அந்த ஒரு காரியத்தை அந்தக் கல்லூரியின் மிகச் சிறந்த பாடமாக நான் எண்ணுகிறேன். என் ஆசை, அந்தப் பிள்ளைகள் கிராமத்துக்கு வந்து கற்றுக் கொடுப்பதோடு நில்லாமல், ஓர் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி எப்படி முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார் என்பதைக் கற்றுக்கொண்டும் போகவேண்டும். தண்ணீர் குறைவு, கேட்பவர் அதிகம், எல்லோரும் உறவு; இதைவிடக் கடினமான நிர்வாகம் எது?

பலன் உண்டா என்று கேட்பீர்கள். ஆலைக்காரர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டீர்கள். பாடிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு வாங்கியது. ஜப்பானில் 1951 முதல் தரத்துக்காகத் தருகிற பரிசு. இந்தியாவுக்கு அதுதான் முதல். அந்தப் பரிசுக்கு மேலிடத்து அறிக்கை மட்டும் போதாது. தேர்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். அந்தத் தரக் கொள்கையில் சிறு குழு என்று ஒன்று உண்டு. தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து தங்கள் இடத்துச் சிக்கல் ஒன்றை எடுப்பார்கள், எத்தனை முறை, எப்போது, எந்த எந்திரத்தில் என்று எண்ணி எழுதுவார்கள், காரணத்தைத் தேடுவார்கள், மாற்றிப் பார்ப்பார்கள், மறுபடி எண்ணுவார்கள். மேலாளரின் வேலை விடை சொல்வதிலிருந்து, விடை தேட நேரம் ஒதுக்கித் தருவதாக மாறிவிடுகிறது. டிவிஎஸ் மோட்டார் 2002இலும் ரானே பிரேக் லைனிங்ஸ் 2003இலும் அதே பரிசை வாங்கின. இதெல்லாம் நம் மாநிலத்து ஆட்கள் செய்தது. ரத்தத்தில் ஜப்பான் ஓட வேண்டிய அவசியமில்லை.

தாய்மார்கள் வரிசைக்கு ஒரு வார்த்தை. 1989இல் தருமபுரியில் தொடங்கியது உங்கள் சுய உதவிக் குழு இயக்கம். கூட்டத்தில் வருகைப் பதிவு, சேமிப்பு, கடன், தீர்மானம், கையெழுத்து. புதுக் குழுவுக்குப் பாடம் எடுப்பதோடு, நன்றாக நடக்கிற குழுவை நேரில் போய்ப் பார்க்கச் சொல்வீர்கள். பெரிய பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிக் கற்கும் முறையை நீங்கள் பாயில் உட்கார்ந்து செய்துவருகிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன்: இந்த ஊரில் மேலாண்மை ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. கூடி உட்காரும் வழக்கம்தான் இல்லை.

‘நேரம் ஏது ஐயா?’ இதோ வந்துவிட்டது அந்தக் கேள்வி. பீட்டர் டிரக்கர் இதற்குத் தந்த யோசனை எளிது. உங்கள் நேரம் எங்கே போகிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள் என்றார். நினைவை நம்பாதீர்கள் என்றார். ஒரு வாரம் எழுதுங்கள். நீங்கள் செய்ய வேண்டாத வேலைகள், இன்னொருவர் உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடிய வேலைகள், போன வருடம் வந்த அதே சிக்கல் இந்த வருடமும் வந்து தின்ற நேரம், எல்லாம் தாளில் வந்து நிற்கும். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் அதிலிருந்து கிடைக்கவில்லை என்றால் என்னிடம் வாருங்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்கத்தான் இன்றைக்கு வந்தேன். ஆறு ஆறு பேராகக் குழு. ஒரே தொழிலைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரு குழுவில் இருக்கக் கூடாது. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை. ஒவ்வொரு முறையும் ஒருவர், தன் வேலையில் தீராத ஒரே ஒரு சிக்கலைக் கொண்டுவர வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கேள்வி மட்டும், அறிவுரைக்குத் தடை. நம் ஆட்களுக்கு அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்! அடுத்த மாதம் கூடும்போது முதல் வேலை, போன மாதம் பேசியவர் என்ன செய்தார், என்ன நடந்தது என்று சொல்வது. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். வருடத்தில் இரண்டு நாள், குழுவில் ஒருவர் இன்னொருவருடைய இடத்துக்குப் போய்க் கூடவே இருக்க வேண்டும். வங்கி மேலாளர் அரிசி ஆலையில் இருக்கட்டும். ஆலைக்காரர் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும். டீக்கடைக்கு வரக் கூடாது. சிறப்புப் பேச்சாளர் கிடையாது, நான் உட்பட. சான்றிதழ் கிடையாது. குழுப் படமும் கிடையாது.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. ஏரி 23.3 அடிக்கு நிரம்பிக் கலங்கல் வழிந்து கிளியாற்றில் இறங்குகிற நாளில் உங்களில் பலருக்கு இரவுத் தூக்கம் இருக்காது. ஆளுக்கொரு கவலையோடு ஆளுக்கொரு கரையில் நிற்பீர்கள். அதற்கு முன்பே முதல் கூட்டத்தை நடத்திவிடலாம். வாசலில் மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பெயரையும் தொழிலையும், நீங்கள் கொண்டுவரப் போகும் சிக்கலை ஒரே வரியிலும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். முதல் ஆறு பேருக்கு வரும் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, இதே மண்டபம்.